அனுமதி முத்திரையோடு ஒரு வேதம்

பொம்மனஹள்ளியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தையல் இயந்திரங்களின் சத்தம் அடங்கியிருக்கும். ஓசூர் சாலையை ஒட்டிய இந்தப் பகுதியின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளை நம்பிக் குடியேறியவர்களில் தமிழர்கள் கணிசம். அவர்களில் கிறிஸ்தவர்களாக இருப்பவர்களுக்குக் கோபுரம் வைத்த தேவாலயம்தான் வேண்டும் என்பதில்லை. வாடகை வீட்டின் முன்னறையோ, மொட்டை மாடியின் தகரக் கொட்டகையோ சபையாகிவிடும். பாய் விரிப்பார்கள். மடியில் கறுப்பு அட்டை போட்ட தமிழ் வேதாகமம். அதன் முதல் பக்கங்களைப் புரட்டினால் இந்திய வேதாகமச் சங்கத்தின் முகவரி இருக்கும்: மகாத்மா காந்தி சாலை, பெங்களூர். அங்கிருந்து பத்து கிலோமீட்டர் தூரம். கடைக்குப் போய்க் காசு கொடுத்தால் புத்தகம் கையில். வாங்குகிறவர் எந்தச் சபை, அந்தச் சபை பதிவு பெற்றதா என்று கல்லாவில் இருப்பவர் கேட்பதில்லை.

சீனாவில் அதுதான் முதல் கேள்வி.

அங்கே பைபிள் தடை செய்யப்பட்ட நூல் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. உலகிலேயே மிக அதிகமாக பைபிள் அச்சிடும் இடங்களில் ஒன்று சீனாவின் நான்ஜிங் நகரில் இருக்கிறது. அமிட்டி அச்சகம் என்று பெயர். 1985-இல் பேராயர் டிங் குவாங்ஷுன் முதலான சீனக் கிறிஸ்தவர்கள் தொடங்கிய அமிட்டி அறக்கட்டளையும், ஐக்கிய வேதாகமச் சங்கங்கள் என்ற உலக அமைப்பும் கூட்டாக நிறுவியது. பெங்களூரின் சங்கமும் அந்த உலக அமைப்பில் ஓர் உறுப்பினர்தான். 1987-இல் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. 2007-இல் 5 கோடியாவது பிரதி வெளிவந்தது. 2012-இல் 10 கோடி. 2019-இல் 20 கோடி. பாதிக்கும் மேற்பட்டவை ஏற்றுமதிக்கு. கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் நாடு, ஆப்பிரிக்க கிராமங்களுக்கெல்லாம் பைபிள் அச்சிட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

உள்நாட்டுக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. 2018 ஏப்ரலில் சீன அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையின்படி அந்நாட்டின் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் 3 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். சீனாவுக்குள் வழங்கப்பட்ட பைபிள்களோ சுமார் 8 கோடி. ஆளுக்கு இரண்டு பிரதி என்று வகுத்துக் காட்டி, 'பஞ்சம் எங்கே?' என்று அதிகாரிகள் கேட்கலாம். கேட்கவும் செய்கிறார்கள். ஆனால் கணக்கில் இரண்டு ஓட்டைகள். பழசாகிக் கிழிந்த பிரதிகளைக் கழிக்க வேண்டும். அதைவிட முக்கியம், பதிவு பெறாத வீட்டுச் சபைகளின் கோடிக்கணக்கான விசுவாசிகள் அந்த 3.8 கோடியில் எவ்வளவு பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பது. அச்சகத்தில் குவியும் புத்தகம் வேறு, அடுப்படியில் ஒளித்து வைத்துப் படிப்பவருக்குக் கிடைக்கும் புத்தகம் வேறு.

இந்த இடைவெளிக்குக் காரணம் விநியோக முறை. சீனாவில் முறையாக வெளியாகும் நூலுக்கு அரசின் பதிப்பு எண் வேண்டும். பைபிளுக்கு அது கிடையாது. 'உள்சுற்றுக்கு மட்டும்' என்ற வகையில் அது அச்சாகிறது. சீனக் கிறிஸ்தவக் கவுன்சிலும் முத்தற்சார்பு தேசபக்த இயக்கமும் நடத்தும் பதிவு பெற்ற தேவாலயங்களின் வழியேதான் விற்க வேண்டும். எத்தனை பிரதி என்பதற்கும் அரசின் ஒப்புதல் வேண்டும். தெருமுனைப் புத்தகக் கடையில் புத்தர் வாக்கும் கன்ஃபூசியஸும் கிடைக்கலாம், பைபிள் கிடைக்காது. முத்தற்சார்பு என்றால் தன்னாட்சி, தன் செலவு, தன் பரப்பல். வெளிநாட்டு மிஷன்களின் கையை விலக்குவதற்காக 1954-இல் அமைப்பான இயக்கம் இது. நோக்கத்தில் தேசியம் இருந்தது. ஆனால் வெளிநாட்டான் விட்ட இடத்தில் கட்சி உட்கார்ந்துகொண்டது என்பதே வீட்டுச் சபைகளின் புகார். கட்சிக்கு மேலே ஒரு தலைவர் இருக்கிறார் என்று நம்புகிறவர்கள், கட்சிக்குக் கீழே ஒரு சபையில் பெயர் பதிய மறுத்தார்கள்.

மறுத்ததற்கு நினைவும் காரணம். 1966-இல் தொடங்கிய கலாசாரப் புரட்சி தேவாலயங்களை மூடியது. பைபிள்கள் வீதியில் எரிக்கப்பட்டன. எஞ்சியவற்றைக் கையால் படியெடுத்து வைத்துக்கொண்டார்கள். ஓலைச்சுவடியைப் பார்த்துப் படியெடுத்துக் காத்த தமிழனுக்கு அந்த உழைப்பின் அருமை தெரியும். 1979-இல் தேவாலயங்கள் மறுபடி திறந்தபோது, நம்பியவர்கள் குறைந்திருக்கவில்லை, பெருகியிருந்தார்கள். புத்தகம்தான் இல்லை.

அந்தப் பசியைத் தீர்க்க இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று இரவு வழி. 1981 ஜூன் 18-ஆம் தேதி இரவு, 'ஓப்பன் டோர்ஸ்' என்ற அமைப்பு ஷாண்டோ அருகே ஒரு கடற்கரையில் 10 லட்சம் சீன பைபிள்களை ஒரே மிதவைக் கலத்தில் கொண்டுபோய் இறக்கியது. மொத்த எடை 232 டன். கரையில் காத்திருந்த சீனர்கள் பெட்டிகளைச் சுமந்து கலைந்தார்கள். பிறகு போலீஸ் வந்தது. பெட்டிகள் பல பறிமுதலாயின, சில கடலில் எறியப்பட்டன. கடலில் மிதந்தவற்றை எடுத்து உலர்த்திப் படித்தவர்களும் உண்டு. மேல்நாட்டுக் கிறிஸ்தவ உலகில் அது வீர கதை. பெய்ஜிங்கில் அது கடத்தல்.

மற்றது பகல் வழி. 1990-களின் தொடக்கத்தில் அதைத் தேர்ந்தெடுத்தவர், அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரஹாமின் கடைசி மகன் நெட் கிரஹாம். அவருடைய தாயார் ரூத் 1920-இல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் ஒரு மிஷன் மருத்துவரின் மகளாகப் பிறந்தவர். நான்ஜிங் இருப்பதும் அதே மாகாணத்தில்தான். நெட் தலைமையில் நடந்த 'ஈஸ்ட் கேட்ஸ்' என்ற அமைப்பு சீன அதிகாரிகளிடம் நேராகப் போய்க் கேட்டது: உங்கள் அச்சகத்தில், உங்கள் அனுமதியோடு அச்சிட்ட பைபிளை நாங்கள் விலை கொடுத்து வாங்குகிறோம். வீட்டுச் சபைக்காரர்களுக்கும் அதைக் கொடுக்க விடுங்கள். அனுமதி கிடைத்தது. இலட்சக்கணக்கான பிரதிகள் அப்படிக் கிராமங்களுக்குப் போயின. பின்னர் வேறு சில அயல்நாட்டு அமைப்புகளும் இதே தடத்தில் நடந்தன.

இரண்டு வழிக்காரர்களும் ஒருவரையொருவர் குறை சொன்னார்கள். பகல் வழிக்காரர்களைப் பார்த்து இரவு வழிக்காரர்கள் சொன்னது: நீங்கள் அரசுக்கு நற்சான்றிதழ் வழங்குகிறீர்கள். சிறையில் கிடக்கும் போதகரைப் பற்றி வாய் திறக்க மாட்டீர்கள், திறந்தால் அனுமதி போய்விடும். யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியல் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியாது. இரவு வழிக்காரர்களைப் பார்த்துப் பகல் வழிக்காரர்கள் சொன்னது: நீங்கள் கொண்டு வருகிறீர்கள், விமானம் ஏறிப் போய்விடுகிறீர்கள். புத்தகத்தோடு பிடிபடுகிறவர் விவசாயி. பைபிளை அந்நியச் சரக்கு என்று சொல்ல அதிகாரிகளுக்கு நீங்களே வாய்ப்பளிக்கிறீர்கள்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஆபத்தை யார் சுமக்கிறார் என்று பார்த்தால் இரண்டாவது வாதம் கனக்கிறது. நான்ஜிங் முத்திரையோடு உள்ள பைபிளை மேசை மேல் வைத்துவிட்டுப் போலீஸ்காரருக்குக் கதவைத் திறக்கலாம். முத்திரை இல்லாததை வைத்துக்கொண்டு திறக்க முடியாது. இத்தனைக்கும் இரண்டுக்குள்ளும் இருக்கும் வாசகம் பெரும்பாலும் ஒன்றேதான்: 1919-இல் வெளியான 'ஐக்கியப் பதிப்பு' என்ற சீன மொழிபெயர்ப்பு. சட்டம் வாசகத்தைப் பார்ப்பதில்லை, யார் அச்சிட்டது என்று பார்க்கிறது.

வழக்குகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. ஹாங்காங் வணிகர் லி குவாங்சியாங், ஃபுஜியான் மாகாணத்தின் ஒரு தடை செய்யப்பட்ட குழுவுக்காகப் பல்லாயிரம் பிரதிகளைக் கொண்டு வந்ததற்காக 2001-இல் கைதானார். முதலில் தீய மதக்குழுவுக்கு உதவியதாகக் குற்றச்சாட்டு. அமெரிக்க அதிபர் புஷ் கவலை தெரிவித்த பிறகு அது 'சட்டவிரோத வணிகம்' என்று இறங்கியது. 2002 ஜனவரியில் இரண்டாண்டுத் தண்டனை, அடுத்த மாதமே விடுதலை. பெய்ஜிங் புத்தகக் கடைக்காரர் ஷி வெய்ஹானுக்கு எந்த அதிபரும் பேசவில்லை. பைபிள்களைத் தானே அச்சிட்டு வீட்டுச் சபைகளுக்கு வழங்கியதற்காக 2009 ஜூனில் மூன்றாண்டுச் சிறை பெற்றார். ஜெஜியாங் மாகாணத்தில் இணையத்தில் கிறிஸ்தவ நூல்கள் விற்ற சென் யூவுக்கு 2020-இல் ஏழாண்டுச் சிறை. அவரிடம் இருந்த 12,864 நூல்களை அழிக்கவும் உத்தரவு. செங்டு நகரின் போதகர் வாங் யீக்கு 2019 டிசம்பரில் ஒன்பதாண்டு. அதிலும் அரசைக் கவிழ்க்கத் தூண்டியது என்பதோடு 'சட்டவிரோத வணிகம்' என்ற வரி உண்டு. மத வழக்கு என்று எழுதினால் உலகம் கேள்வி கேட்கும். வணிக வழக்கு என்றால் கேட்பதற்கு ஆள் குறைவு.

ஒரு புத்தகத்தைக் கண்டு இவ்வளவு பெரிய அரசு ஏன் மிரள வேண்டும்? பதில் கம்யூனிசத்தில் மட்டும் இல்லை, அதற்கு முந்தைய சரித்திரத்திலும் இருக்கிறது. 1812-இலேயே சீனப் பேரரசர் கிறிஸ்தவ நூல்களைச் சீன மொழியில் அச்சிடுவது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று ஆணையிட்டார். 1832-இல் லியாங் ஃபா என்ற அச்சுத் தொழிலாளி கிறிஸ்தவராகி ஒரு சிறு நூல் தொகுத்தார். அது தேர்வில் தோற்றுத் தோற்று மனம் கசந்த ஹோங் ஷியுச்சுவான் என்ற இளைஞன் கையில் கிடைத்தது. தான் இயேசுவின் தம்பி என்று அவன் அறிவித்தான். 1850-இல் வெடித்த தைப்பிங் கலகம் 14 ஆண்டுகள் நீடித்தது. இரண்டு கோடிப் பேராவது மாண்டிருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. கலகக்காரர்கள் தலைநகராக வைத்துக்கொண்டது எந்த நகரை? இன்று பைபிள் அச்சாகும் அதே நான்ஜிங்கை. சீன ஆட்சியாளர்களின் அச்சத்தை நியாயப்படுத்த இது போதாது. ஆனால் அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள உதவும்.

சொந்த மண்ணில் அச்சிட முடியாத அந்தக் காலத்தில் சீன பைபிள் எங்கே அச்சானது என்பது இந்தியர்களில் பலருக்குத் தெரியாத செய்தி. முதல் முழுச் சீன பைபிள் 1822-இல் நிறைவு பெற்றது வங்காளத்தில், ஹூக்ளிக் கரையின் செராம்பூரில். மொழிபெயர்த்தவர் சீனாவையே பார்த்திராத ஜோஷுவா மார்ஷ்மேன். உதவியவர் மக்காவில் பிறந்த ஆர்மீனியர் லாசர். சீனாவில் இருந்த ராபர்ட் மாரிசனின் பைபிள் மலாக்காவில் அச்சாகி 1823-இல்தான் முழுமை பெற்றது. மார்ஷ்மேன் செராம்பூரைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் சட்டம்தான். தன் எல்லைக்குள் மிஷனரிகளுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அன்று இடம் தரவில்லை. செராம்பூர் டென்மார்க்கின் கொடி பறந்த ஊர். அதே கம்பெனி கான்டனில் மாரிசனை மொழிபெயர்ப்பாளராகச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. வியாபாரத்துக்கு உதவினால் மொழி அறிஞர், உதவாவிட்டால் அத்துமீறி வந்தவர்.

தமிழ் பைபிளின் கதையும் இதற்கு விலக்கல்ல. டென்மார்க் அரசர் அனுப்பி 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, அரசரின் ஆணை கையில் இருந்தும் 1708-இல் அங்கிருந்த டேனிஷ் தளபதியால் சிறையில் தள்ளப்பட்டார். நான்கு மாதம். தலைநகரில் கிடைத்த அனுமதி உள்ளூரில் செல்லவில்லை. இன்று பெய்ஜிங்கின் ஒப்புதல் மாவட்ட அதிகாரியின் மேசையில் மதிப்பிழப்பதுபோல. பிறகு லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியில் வார்த்த தமிழ் எழுத்துகள் பெரியவையாக இருந்து தாளை விழுங்கின. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். தாளுக்காகப் பொறையாரில் ஓர் ஆலையே வைத்தார்கள். 1715-இல் வெளிவந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு, இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு. நான்ஜிங்கிலும் தாள்தான் முக்கியம். மெல்லிய பைபிள் தாளை உலக வேதாகமச் சங்கங்கள் நன்கொடையாகத் தருவதால்தான் அங்கே விலை ஏழைக்கு எட்டுகிறது.

தமிழுக்குக் கிடைத்த ஒரு வசதி சீனத்துக்கு நழுவிக்கொண்டிருக்கிறது. கடவுளைக் குறிக்க எந்தச் சொல் என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் மூன்று நூற்றாண்டுகள் சண்டை போட்டிருக்கிறார்கள். சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று சொற்கள் மாறின. முடிவெடுத்தவர்கள் மொழிபெயர்ப்புக் குழுக்களும் வாசகர்களும்தான், எந்த அரசும் அல்ல. சீனர்களும் 'ஷென்' என்பதா, 'ஷாங்தி' என்பதா என்று சண்டையிட்டு, கடைசியில் இரண்டு பதிப்பும் போட்டுக்கொண்டார்கள். ஆனால் 2018-இல் வகுக்கப்பட்ட, கிறிஸ்தவத்தைச் 'சீனமயமாக்கும்' ஐந்தாண்டுத் திட்டத்தில் பைபிளை மறுபடி மொழிபெயர்ப்பதும் விளக்கவுரை எழுதுவதும் பேசப்பட்டன. 2020-இல் தொழிற்கல்வி மாணவர்களுக்கான ஒரு பாடநூல் பற்றிச் செய்தி வந்தது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறியாமல் அனுப்பிய இயேசு, அதில் அவளைத் தானே கல்லெறிந்து கொல்கிறாராம், சட்டத்தை நிலைநாட்டுவதற்காக. அது பைபிள் அல்ல, பாடநூல்தான். ஆனால் திசை தெரிகிறது. இதுவரை அச்சிடும் உரிமை அரசின் கையில் இருந்தது. அடுத்து வாசகமும் அந்தக் கைக்குப் போனால், அனுமதி முத்திரையின் பொருளே மாறிவிடும். பகல் வழிக்காரர்கள் அன்று எதை விநியோகிப்பார்கள் என்பதுதான் அவர்கள் முன்னுள்ள உண்மையான கேள்வி.

வாசல்கள் வேறு பக்கத்திலும் சாத்தப்படுகின்றன. 2018 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மத விவகார விதிகள் நடைமுறைக்கு வந்தன. அந்த மார்ச் இறுதியில், சீனாவின் பெரிய இணையக் கடைகளிலிருந்து பைபிள் மறைந்தது. அதுவரை யார் கண்ணிலும் படாமல் வீட்டுச் சபைக்காரர் வாங்கிவந்த வழி அது. 2021 அக்டோபரில் சீன அரசு சொன்னதன் பேரில் ஆப்பிள் நிறுவனம் ஒரு குர்ஆன் செயலியைத் தன் சீனக் கடையிலிருந்து நீக்கியது. ஒரு பைபிள் செயலியும் அந்தக் கடையிலிருந்து மறைந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு இந்திய வாசகர் நிம்மதிப் பெருமூச்சு விடலாம். பாதி நிம்மதிக்குத்தான் நியாயம் உண்டு. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. நூல் அச்சிட இங்கே முன்அனுமதி வேண்டாம். ஆனால் 2022-இல் கர்நாடகத்தில் நடைமுறைக்கு வந்த மதமாற்றத் தடைச் சட்டம், 'ஆசை காட்டுதல்' என்பதற்குள் அன்பளிப்பையும் சேர்த்தது. அந்தச் சட்டத்தை ரத்து செய்ய 2023 ஜூனில் மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. வேறு பல மாநிலங்களில் இதேபோன்ற சட்டங்கள் உள்ளன. அன்பளிப்பு என்ற சொல்லுக்கு எல்லை எது? ஒரு மூட்டை அரிசி அன்பளிப்பு என்றால், இலவசமாகத் தந்த ஒரு புத்தகம் என்ன? புத்தகத்தை யார் அச்சிட்டது என்று சீனச் சட்டம் கேட்கிறது. எதற்காகக் கொடுத்தாய் என்று இந்திய மாநிலச் சட்டங்கள் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. இரண்டு கேள்விகளும் கடைசியில் வந்து நிற்பது வாசிக்கிறவரின் வீட்டு வாசலில்தான்.

சட்டத்துக்கு உட்பட்டுக் கொடுப்பது கோழைத்தனம் அல்ல. நெட் கிரஹாம் போன்றவர்கள் செய்தது, வாங்குகிறவருக்கு ஆபத்தில்லாத புத்தகத்தை வாங்கித் தந்தது. அது பெரிய காரியம். ஆனால் சட்டபூர்வம் என்ற சொல் கொடுப்பவரின் மனசாட்சிக்கு முடிவான விடுதலை அல்ல. ஷி வெய்ஹானும் அமிட்டி அச்சகமும் தந்தது ஒரே வேதம்தான். ஒருவருக்குச் சிறை, மற்றதற்கு 20 கோடியாவது பிரதிக்கு விழா. அந்த விழாவுக்குப் போய்வந்தவர்கள் சிறையில் இருப்பவர்களின் பெயர்களையும் சொல்ல வேண்டும். சொன்னால் அனுமதி போகுமா என்பதை முயன்று பார்த்தால்தான் தெரியும்.